காணும்

ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஏரம்பமூர்த்திக்குக் கார் வைத்திருப்பது பெருமை. அதற்குச் செலவு செய்யாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய பெருமை. தேற்றாத்தீவில் அவருடைய சிக்கனப் பாடத்தில் மாட்டாத ஆள் இல்லை. நேற்று மாட்டியவன் பக்கத்து வீட்டு யோகேஸ்வரன். கையிலிருந்த தோடம்பழப் பையைக் கீழே வைக்கக்கூட அவர் விடவில்லை.

“பாலத்தில ஏறினதும் எஞ்சினை நிப்பாட்டு மனே. இறக்கத்தில தன்பாட்டில உருளும்.”

“ஓம் சேர்.”

“பிரேக் பேட் மாத்தச் சொல்லுவானுகள். மாத்திராத. இன்னும் ஒரு வருசம் இழுக்கும்.”

“பின்னுக்குப் பாக்கக் கமரா பூட்டல்லையா சேர்?”

“அதுக்கு ஏன் காசு? நம்மட மனுசி தெய்வமணிதானே பின்னுக்கு நிண்டு ‘வாங்க, வாங்க’ எண்டு சொல்றவ. ‘காணும், போதும்’ எண்டால் நிப்பாட்டுவன். மதிலில ஒருநாளும் முட்டினதில்ல.”

“முந்தநாள்?”

“முந்தநாள் அவ காணும், காணும் எண்டு கத்தினவதான். பிரேக் கொஞ்சம் பிந்திப் பிடிச்சிற்று. ஆனா பம்பர் மதிலில படல்ல. ஒரு கீறல்கூட இல்ல.”

யோகேஸ்வரன் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்த்தான். மதிலுக்கும் பம்பருக்கும் நடுவில் நின்ற தெய்வமணியின் இரண்டு கால்களும் பிளாஸ்டரில் கிடந்தன.

“இனிக் கமரா வாங்கத்தான் வேணும்,” என்று பெருமூச்சு விட்டார் ஏரம்பமூர்த்தி. “இவவால பார், வீண் செலவு.”

“காணும்,” என்றாள் தெய்வமணி, கண்ணைத் திறக்காமலே.

“பழைய கமரா எண்டால் பாதி விலைக்கு எடுக்கலாம் மனே...”

இந்த முறையும் பிரேக் பிடிக்கவில்லை.