வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

அவள் கழிப்பறைக் கதவை அளந்துகொண்டிருந்தாள்.

அகலம் முப்பது அங்குலம். கைப்பிடிக்கு மேலே போர்டு வைக்க நல்ல இடம். குறித்துக்கொண்டாள்.

பின்னால் ஜவுளிக்கடை முதலாளி நின்றிருந்தார். ஸ்கூட்டர் சாவியால் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்.

"வாடிக்கையாளர்களுக்கு மட்டும்னு பெருசா, சிவப்புல. கீழ, பணியாளர்கள் உபயோகிக்கக் கூடாதுன்னு போட்டுருங்க அம்மணி."

"அவங்க எங்க போவாங்க?"

"பஸ் ஸ்டாண்டுல இருக்குதல்ல? இங்க உட்டா உள்ள போயி பத்து நிமிசம் செல்லு பாத்துட்டு உக்காந்துக்கறாளுக."

சாவியின் நுனியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். அதே சாவியால் மேலே காட்டினார்.

"வாசலுக்கு லைட்டு எழுத்து. மூணு மாடிக்கும் அம்புக்குறி. எல்லாமே நீங்களே பண்ணுங்க."

அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

இருபத்து மூன்று நாள் அலைச்சலில் கிடைத்த முதல் ஆர்டர் அது.

பதினொரு வருடமாக இந்த ஊர்க் கடைவீதியின் பாதிப் பெயர்ப் பலகைகள் அவள் கையால் ஆனவை. கடை மட்டும் கணவன் பெயரில் இருந்தது. பிரிந்து வந்தபோது வாடிக்கையாளர்கள் கடையோடு அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஸ்டிக்கரில் எழுத்து வெட்டும் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வாடகை வீட்டின் முன்னறையில் வைத்தாள். மாதிரி எழுத்துகளைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினாள்.

பேக்கரிக்காரர் எழுத்தை வாங்கும்போது அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். விடவில்லை.

மருந்துக்கடைக்காரர், "வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு அங்கயே இருந்துக்கலாமல்லங்க" என்றார்.

பெயிண்ட் கடைக்காரர் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார். பிறகு அவள் மாதிரிகளைப் படமெடுத்து, அவள் கண்ணெதிரிலேயே அவள் கணவனுக்கு அனுப்பினார்.

வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு நாளும் கைகளைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள்.

வெளியே போகிற நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக இடம் தேட வேண்டும்.

ஜவுளிக்கடை முதலாளியைக் கல்லாவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனார்.

அவள் கதவைத் தள்ளி உள்ளே போய்த் தாழிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது.

சுத்தமாக இருந்தது. சோப்புகூட இருந்தது.

கதவைத் திறந்தபோது விற்பனைப் பெண் ஒருத்தி வெளியே நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். சீருடைப் புடவையில் குத்தியிருந்த பட்டையில் பூங்கொடி என்று இருந்தது. கணுக்கால்கள் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது.

"அக்கா, போர்டு எப்ப மாட்டுவீங்க?"

"வெள்ளிக்கிழமை."

பூங்கொடி மனதுக்குள் எண்ணினாள்.

"இன்னும் மூணு நாள் இருக்குதுங்க" என்றாள். உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கியபோது அந்தப் போர்டை அவள் கடைசிக்குத் தள்ளினாள். ஒளிரும் எழுத்து முடிந்தது. அம்புக்குறிகள் முடிந்தன.

வியாழக்கிழமை காலை முதலாளிக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அந்தக் கதவுப் போர்டு மட்டும் வேண்டாமே. பாவம், நாள் பூரா நிக்கறாங்க."

அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். முழுங்கும்வரை அவளைக் காக்கவைத்தார்.

"அப்ப எதுவுமே வேண்டாம் அம்மணி. உங்க வீட்டுக்காரருக்குச் சொன்னா மத்தியானமே கொண்டாந்துருவாரு."

சிவப்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்து மெஷினில் ஏற்றினாள்.

எழுத்துகளைச் சற்றே கோணலாக ஒட்டிவிடலாம் என்று நினைத்தாள். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் கை கோணவில்லை. இடைவெளிகூட ஒரு நூல் பிசகவில்லை.

அவள் தனியாகச் செய்த வேலைகளில் அதுதான் அழகாக வந்திருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட முடிந்தது.

வெள்ளிக்கிழமை கதவில் துளைபோட்டு, நான்கு திருகு போட்டு முடுக்கினாள்.

பூங்கொடி புடவை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். நிமிரவில்லை.

முதலாளி வந்து போர்டைத் தடவிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரக் காட்டிலும் நீங்க பரவால்லீங்க" என்றார். அவள் தோளில் தட்டினார்.

திங்கட்கிழமை போன் வந்தது. தெரியாத எண். ஒரு நகைக்கடை மேலாளர்.

"ஜவுளிக்கடைல போர்டு வெச்சது நீங்கதானுங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆமாங்க. வாசல் போர்டுங்களா?"

"அது இல்லீங்க. பாத்ரூம் போர்டு. எங்களுக்கும் அதே மாதிரி வேணும்."

மறுநாள் ஒரு கல்யாண மண்டபம். சமையல்காரர்களுக்கும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் அனுமதியில்லை என்று.

அதற்கு மறுநாள் ஒரு பள்ளிக்கூடம். ஆயாக்களுக்கு. தாளாளரே பேசினார். எழுத்து மரியாதையாக இருக்க வேண்டும், பெற்றோர் வந்துபோகிற இடம் என்றார்.

யாரும் விரலைப் பிடிக்கவில்லை. யாரும் நிற்கவைக்கவில்லை. அவள் எந்தப் படியும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னறையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரின் பசை நெடி வந்தது. தட்டைத் தள்ளிவைத்தாள்.

போன் அடித்தது. புதிய எண்.

அடிக்கட்டும் என்று விட்டாள். நின்றது. மறுபடி அடித்தது.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் பெயரைச் சொல்லத் தொடங்கியது.

"எத்தனை கதவுங்க?" என்று கேட்டாள்.