ஓரத்தில் எழுதியவள்

உக்கிரபாண்டி பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில் அந்தப் புத்தகத்தை உரக்கடைப் பையில் சுற்றி, மேலே அழுக்குத் துணி போட்டு மூடியிருந்தான்.

அவன் மனைவி கனகலட்சுமி ஸ்பானர் தேடத்தான் பெட்டியைத் திறந்தாள்.

கிறிஸ்தவ மதமே உண்மை என்று வாதாடும் பழைய நூல். அருப்புக்கோட்டை நூலக முத்திரை.

ஆறு மாதமாக ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை டவுனுக்குப் போகிறான். கேட்டால் மல்லி விலை விசாரிக்க என்பான். இந்த வருசம் மழை ஏமாற்றியதில் விற்க மல்லியே இல்லை.

மதம் மாறப்போகிறானோ? ஊரில், பரளச்சியில், தெரிந்தால் சொந்தபந்தம் வாசல் மிதிக்காது.

புரட்டினாள். ஓரமெல்லாம் எழுத்து.

நீல மை அவனுடையது. "மழைக்கு இவருதான் பொறுப்புன்னா எங்க ஊருக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை?"

திட்டத்தான் படிக்கிறான். மூச்சு வந்தது.

கீழே பென்சிலில் உருண்டை எழுத்து. "அடுத்த பக்கம் படிக்காமயே கோவிச்சுக்கிட்டா எப்படி?"

பெண் கையெழுத்து.

"படிச்சேன். வக்கீல் பேச்சு."

"எனக்கு இதைப் படிச்சுத்தான் தைரியம் வந்துச்சு."

வேறு யாரோ சிவப்பு மையில், "அருமையான நூல். 82ஆம் பக்கத்தைக் கிழித்தது யார்?"

பக்கத்துக்குப் பக்கம் நீலமும் பென்சிலும் மல்லுக்கட்டின. கனகலட்சுமியிடம் அவன் ஒருநாளும் இவ்வளவு பேசியதில்லை.

கடைசித் தாளுக்குப் போனாள்.

"நீ சொல்ற அளவுக்கு மோசமில்லண்ணே. அம்மாவுக்குக் கண் ஆபரேசன் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு. நல்லாத் தெரியுது. புத்தகம் மோசம்தான்."

கனகலட்சுமி 'அண்ணே' என்ற சொல்லை மறுபடி படித்தாள்.

தங்கச்செல்வி. அவன் தங்கை. சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்பது மாமனார் உத்தரவு. கனகலட்சுமி அவளைப் பார்த்ததே இல்லை.

அடியில் பென்சிலில் இன்னொரு வரி. "அம்மா என் பேரைச் சொல்றாகளா?"

அதற்கு அவன் பதில் எழுதவில்லை.

உள்ளேயிருந்து மாமியார் கருத்தம்மாள் குரல் கொடுத்தாள். "ஏத்தா செல்வி, வெயில்ல என்ன பண்றே?"

கல்யாணமாகி நாலு வருசம். மாமனார் இல்லாத நேரங்களில் மாமியாருக்கு அந்தப் பேர்தான் வாயில் வரும். கனகலட்சுமி ஒருமுறையும் திருத்தியதில்லை.

"இந்தா வாரேன் அத்தே" என்றபடி பேனா தேடினாள்.