கையில் இரண்டு ராஜா

வீட்டில்கூடச் சொல்லாமல், வெண்மதியைப் பெண் கேட்கச் சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு வந்திருந்தான் எழிலன். அவள் அப்பா சுப்புராயனோ அவனைப் பேசவே விடாமல், கம்ப்யூட்டரில் புதிதாகக் கற்றுக்கொண்ட போக்கர் சீட்டாட்டம் ஆட உட்கார வைத்துவிட்டார். பந்தயத்துக்குக் காசு இல்லை, வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான்.

எழிலன் கைக்கு இரண்டு ராஜா வந்தது. மனசு குதித்தது. பெரிதாகக் கட்டினால் ஜெயிக்கலாம். ஆனால், சூதாடி என்று நினைத்துவிட்டால்?

“செக் சார்,” என்றான், எதுவும் கட்டாமல்.

அவரும் கட்டவில்லை. மேசையில் பொதுச் சீட்டுகள் திரும்பின. ராஜாவைவிடப் பெரிதாக எதுவும் வரவில்லை.

“கட்டுறியா தம்பி?”

“செக் சார்.”

“இப்பவாச்சும்?”

“செக்...” என்று இழுத்தான்.

சுப்புராயன் சீட்டை வீசினார். “உன் மூக்குக் கண்ணாடில ரெண்டு ராஜாவும் அப்பவே தெரிஞ்சுது. அத வச்சுக்கிட்டே கட்ட பயப்படுறியே, என் பொண்ண எப்பப்பா கேக்கப் போற?”

எழிலனுக்குக் காது சூடேறியது. மொத்த மல்லாட்டையையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தான்.

“சார்... மாமா... வெண்மதிய எனக்குக் கட்டிக் குடுங்க!”

“அப்பாடா!” என்ற சுப்புராயன், உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். “அமராவதி, மாப்ள கேட்டுட்டாரு! அவுங்கள வரச் சொல்லு!”

கேசரித் தட்டோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தது, சிதம்பரத்தில் இருப்பதாக எழிலன் நினைத்திருந்த அவன் அம்மா. பின்னாலேயே அவன் அப்பா, அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு.