மேல்காற்று

“இந்தக் காலத்துச் சனத்துக்கு மேலில் படுகிற காற்றைவிட றேடியோதான் பெரிசு” என்று இராயப்பு முணுமுணுத்தார்.

கடலில் கிடந்த புயலை மேல்காற்று வடக்கே தள்ளிவிடும் என்று றேடியோ சொன்னதும், தன்னாமுனையில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். ஆனால் வாவியில் வலை வீசும் இராயப்புவுக்கு மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது.

“வடக்கத்தி வாடைதானே அடிக்கிது. எங்ககா மேல்காத்து? எல்லாம் பொய். நம்மட ஓலைக்கூரை நிக்காது. மாதா கோயிலுக்கு நட.”

“ஊர் சிரிக்கும்” என்றாள் மனைவி றோசம்மா. ஆனாலும் ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். இரவெல்லாம் மழையும் இடியும்தான்.

விடிந்ததும் வீட்டைப் பார்க்கப் போனவள் ஓடித் திரும்பி வந்து, அவர் கையைப் பிடித்தாள்.

“கூரை இல்ல.”

“சொன்னன்தானே, புயல் எண்டு.”

“புயல் வடக்கால போயிட்டுது. நம்மட வீட்டில விழுந்தது சண்டையில அடிச்ச ஷெல். நீங்க பிழையா விளங்கினபடியாலதான் உசிரோட இரிக்கம். மேல்காத்து எண்டா வானத்தில உசரத்தில அடிக்கிறதாம். அதுதான் புயலத் திருப்புமாம். வழியில பங்குச் சுவாமி சொன்னார்.”

இராயப்பு மாதாவின் முன் முழந்தாளிட்டு நெடுநேரம் கும்பிட்டார். பிறகு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

“அந்த உசரத்தில ஏறிப் பாத்தவன் ஆரு?”