அம்மா எடுத்த வீடியோ

“வலிப்பு வரும்போது உனக்கு எப்படி இருக்கும்?” என்று டாக்டர் கேட்டார். ரப்பர் கருகிய வாசனை வரும், அப்புறம் எதுவும் தெரியாது என்றேன். அடுத்த முறை வந்தால் செல்போனில் வீடியோ எடுக்கும்படி அம்மாவிடம் சொன்னார். அதன்பின் நான் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டாலும் அம்மா போனை என் பக்கம் திருப்பினாள்.

இன்று டாக்டர் அந்த வீடியோவை ஓடவிட்டார். எங்கள் வீட்டுத் தரையில் ஒருத்தி என் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு துள்ளினாள். அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. “கையில இரும்பு குடுங்க!” என்று அம்மா கத்த, அப்பா பீரோ சாவிக்கொத்தை அவள் கைக்குள் வைத்து அழுத்தினார்.

“ஐயோ, அந்தக் கை எப்படி இழுக்குதுன்னுதான் நான் பார்க்கணும். சாவியால வலிப்பு நிக்காதும்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும்.”

“சும்மா நிக்க மனசு கேக்கல சார்.”

டாக்டர் கையைப் பார்ப்பதற்காக மறுபடி ஓட்டினார். அப்போதுதான் வீடியோவில் எங்கள் வீட்டுக் கதவோரம் எஸ்தர் டீச்சரைப் பார்த்தேன். “வலிப்புக்குப் பயந்தா படிப்பை நிறுத்துவாங்க?” என்று அம்மாவைத் திட்டி, என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வந்தவர். அவர் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, போனது இல்லை. கேட்கும்போதெல்லாம், “அப்புறம் வர்றேன்னு சொல்லிட்டுத்தான்டி போனாங்க” என்பாள் அம்மா.

வீடியோவில் டீச்சர், எனக்காகக் கொண்டுவந்த புத்தகங்களை மேசையிலிருந்து எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனார்.