குதிரைக்கு விதித்த கெடு

“என்ன இராசையா, மீசையைக் காணேல்லை?”

மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் பூட்ஸை நனைத்தபடி டொக்டர் பார்த்தீபன் கேட்டார். சிரித்த முகத்தோடு உள்ளே போகவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவர். சிரிப்புத்தான் வரவில்லை.

“வைக்கோல் தூசிங்க டொக்டர் ஐயா. ஒரே அரிப்பு. வழிச்சிட்டேன்.”

நல்லதுதான் என்று தலையாட்டினார் டொக்டர். குதிரையோடு இருப்பவர் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நாளெல்லாம் சட்டம் பேசியவரே அவர்தான்.

மடுல்சீமை மலை உச்சியில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிவைத்துவிட்டுப் போன கொட்டில் அது. நுவரெலியாப் பந்தயத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைக்கு நோய் நொடி உண்டா என்று பார்க்க, ஒரு கெடு வைத்து, அங்கேதான் தனியாக அடைத்திருந்தார்கள். தண்ணி காட்ட, தேய்த்துவிட, தேயிலைத் தோட்டத் தொழிலாளி இராசையாவையும் கூடவே வைத்திருந்தார்கள்.

கெடு முடியும்வரை அவர் வெளியே வரக்கூடாது, வேறு யாரும் உள்ளே போகக்கூடாது. மீறினால் குதிரைக்குக் கெடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும், பந்தயமும் போய்விடும். அரசாங்க மிருக வைத்தியரான பார்த்தீபனுக்கு மட்டும், குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு போய்வர அனுமதி.

இன்றோடு கெடு முடிகிறது. இரத்தப் பரிசோதனையிலும் ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் டொக்டர் பூட்ஸை இரண்டாம் தடவையும் தொட்டியில் நனைத்தார்.

இராசையாவின் மனைவி பாக்கியலெட்சுமி போன கிழமை இறந்துவிட்டாள். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், நெஞ்சுவலி என்று படுத்தவள் எழும்பவில்லை. இப்போது சொன்னால் ஆள் ஓடி வந்துவிடுவான், கெடு முடிந்த பிறகு சொல்லலாம் என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை. டொக்டரும் சரி என்றார்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் குதிரையைப் பார்க்க வந்தபோது, “வீட்டுல எப்படிங்க இருக்கா?” என்று இராசையா கேட்டார். “சுகமா இருக்கிறா. உம்மை வடிவாச் சாப்பிடட்டாம்” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனார் டொக்டர். அன்று தொலைத்த தூக்கம் இன்னும் அவருக்குத் திரும்பவில்லை.

டொக்டர் வந்ததும் வராததுமாக இராசையா கேட்கிற கேள்வி அதுதான். இன்று கேட்கவில்லை. குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டொக்டருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

குதிரைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். மூக்கைப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகும், நேரத்தைக் கடத்த, இன்னொரு தடவை மூக்கைப் பார்த்தார்.

திடீரென்று குதிரை காதை நிமிர்த்தி வாசலைப் பார்த்தது. அங்கே பனிமூட்டம் மட்டுந்தான் நின்றது.

“ஆர் அங்கை?”

“அது அப்படித்தாங்க பாக்கும். நீங்க பயப்படாதீங்க.”

இனியும் தள்ளிப்போட முடியாது.

“இராசையா, நான் உமக்குத் துரோகம் செய்திட்டன். உம்மட மனுசி… போன கிழமையே செத்துப்போனா. நான் உமக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“தெரியுங்க. தப்புக்கூட அடிக்காமப் பொதச்சாங்களாம்.”

உண்மைதான். சாவு மேளம் அடித்தால் மலைக்கு மேலே கேட்டுவிடும் என்று, துரைதான் அடிக்கவிடவில்லை. வாசல் காவல்காரன் அலவி வெளியூரான பசறையிலிருந்து வந்தவன், அவனுக்கே இந்த விஷயம் தெரியாது. அவனைத் தாண்டி ஈ காக்கா உள்ளே நுழைய முடியாது.

“ஆர் உமக்குச் சொன்னது? ஆர் உள்ளுக்கு வந்தது?”

குரல் அதட்டலாகவே வந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதனின் முன்னால் நின்றுகொண்டு, கெடு பாழாகிவிட்டதோ என்று முதலில் பயந்ததை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

இராசையா துணியைக் கீழே வைத்தார். அன்று முதல் தடவையாக டொக்டரை நேரே பார்த்தார். பிறகு அவர் பார்வை டொக்டரின் தோளைத் தாண்டி, வாசல் பக்கம் போனது.

“அவதாங்க. ஒங்கள ஏச வேணாமுன்னு இந்தா, இப்பவும் சொல்றா.”