அரைப்புள்ளிச் சண்டையும் ஒரு புரோக்கரும்

சத்தியம், சத்தியம், மூன்றாம் முறையும் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் மிச்சப் பற்கள் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்.

அந்த மானேஜர் இருக்கிறாரே, வாயைத் திறந்தால் புளுகு. அதுவும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நின்றுகொண்டு.

இருவரும் சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. கடைகளுக்கு மென்பொருள் செய்வார்கள். ஆர்டர் வாங்கும் பாதி ஐயாவுடையது; ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி, விண்டோஸ் மிஷின். சரக்கைக் கவனிக்கும் பாதி அம்மாவுடையது. பைத்தான் மொழி, லினக்ஸ் மிஷின்.

ஜாவாவில் வரிக்கு வரி கடைசியில் அரைப்புள்ளி (;) வைத்தே தீரவேண்டும். பைத்தானுக்கு அது வேண்டாம். ஒருநாள் அம்மா, "சாப்பாடு மேசைமேல் இருக்கிறது" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஐயா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அந்த வரியின் கடைசியில் சிவப்பு மையால் ஓர் அரைப்புள்ளி போட்டுத் திருத்தி வைத்தார்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆளுக்கொரு அறை. நடுவில் மானேஜர்.

இப்போது இரண்டு பாதிகளும் பேசிக்கொள்ள ஒரு மெசேஜ் புரோக்கர் வேண்டும். வீடு பார்த்துக் கொடுக்கிற புரோக்கர் இல்லை. ஒரு மென்பொருள் சொல்வதை வாங்கி இன்னொன்றிடம் சேர்க்கிற மென்பொருள். ஐயா காட்டியதை அம்மா தள்ளினார். அம்மா காட்டியதை ஐயா தள்ளினார். மிச்சம் ஒன்றே ஒன்று. சாயங்காலத்துக்குள் முடிவாகாவிட்டால் கம்பெனியையே பிரித்துக்கொள்வதாக இருவரும் சொல்லிவிட்டார்கள்.

'ரெண்டா பிரிச்சா என்னை எந்த இடத்துல வெட்டுவாங்க?' என்று நினைத்த மானேஜர் ஐயா அறைக்கு ஓடினார்.

"அவ புரோகிராம் அவளை மாதிரியேதான்யா! கூப்பிட்டா எப்போ பதில் வரும்னு கடவுளுக்கே தெரியாது. அதுவரைக்கும் செய்தியைக் கட்டிக்கிட்டு அழற புரோக்கரா இருக்கணும்."

அம்மா அறையில் மானேஜர் குழைந்தார். "மேடம், 'அவங்க நிதானமா செய்யட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கிற புரோக்கரா பாரு'ன்னுட்டார் சார்."

"ஓஹோ! அந்த மனுஷன் சொன்னதையே ஒன்பது தடவை சொல்வார். ரெண்டாவது தடவை வந்தா வாசல்லயே விரட்டுற புரோக்கரா வேணும்னு சொல்லுங்க."

மானேஜர் திரும்பி ஓடினார். "சார், நீங்க ஒரு தடவை சொன்னாலே போதுமாம். மறுபடி சொல்ல வெச்சு உங்களைச் சிரமப்படுத்தக் கூடாதாம்."

ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புரோக்கர் ஜாவா பேசணும்."

"பைத்தானும் பேசலாமா சார்?"

"பேசித் தொலையட்டும்!"

அது அடுத்த அறையில், "பைத்தான் பேசாத புரோக்கர் இந்தப் படியே ஏறக்கூடாதுன்னுட்டார் மேடம்" என்று ஆனது.

"அவரோட ஓட்டை மிஷின்ல அது ஓடுமான்னு பாருங்க. ஓடலைன்னா அதுக்கும் என் தலையைத்தான் உருட்டுவார்."

"சார், உங்க மிஷினுக்கு ஒத்துக்காத எதுவுமே வேண்டாமாம்!"

ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரி. அந்த மூணாவதே இருக்கட்டும்."

ஒரே ஓட்டம். அம்மாவும் தலையாட்டினார். மானேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"நில்லுங்க மானேஜர். நல்லாவே புளுகறீங்க."

"மே... மேடம்?"

அம்மா சுவரை விரலால் தட்டினார். டொக் டொக். "பிளைவுட். அவர் திட்டினது அத்தனையும் கேட்டுச்சு."

"அப்... அப்புறம் எப்படி மேடம் ஒத்துக்கிட்டீங்க?"

"நீங்க இங்க வந்து அளந்தது அவருக்கும் கேட்டிருக்குமில்ல? 'நான் அப்படிச் சொல்லவே இல்லை'ன்னு அங்கேருந்து ஒரு தடவையாவது கத்தினாரா பாருங்க."

இதைச் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள், என் வீட்டுச் சுவரும் பிளைவுட்தான்.